இரவல் மாத்திரை

அயல் வீட்டாரிடம் ஒரு சுண்டு அரிசி இரவல் வாங்குவதும், அவர்கள் கேட்கும்போது ஒரு பேணி சீனி கொடுத்துதவுவதும் எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அதிற் குற்றம் எதுவுமில்லை. அயலுறவு அதனால் வளரவே செய்யும். ஆனால், இப்பொழுது இரவற் பொருள்களின் வரிசையில் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. "எனக்கு இது நல்ல சுகம் தந்தது, நீங்களும் இரண்டு போட்டுப் பாருங்கள்" என்று சொல்லாத வீடு கொழும்பில் உண்டோ என்பது ஐயமே. இவ்வழக்கத்தினால் விளைந்த ஒரு சம்பவத்தை இந்த ஞாயிறு வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம். அதிலே தவறிழைத்தவர் வேறெவருமல்லர், நாமே.

கந்தசஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள் மாலை, எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் வெள்ளவத்தையிலுள்ள எமது இல்லத்துக்கு வந்திருந்தார். இளம் பருவத்திலேயே சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் தாயாரின் சிறுநீரகம் ஒன்றைப் பெற்று உயிர் தப்பியவர் அவர். தற்போது ஓர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்க்கிறார். தாயார் ஆண்டுதோறும் ஆறு நாளும் விரதமிருப்பவர். "எனக்காகத்தானே அம்மா பட்டினி கிடக்கிறா" என்று இவரும் இம்முறை விரதமெடுத்திருந்தார். பகலில் நீரும் அருந்துவதில்லை. இரவிற் பாலும் பழமும் மாத்திரமே.

வந்தவர் நாற்காலியில் அமரும்போது முகத்தைச் சுளித்தார். கோயிலிற் பந்தல் வேலைக்குத் தூக்கிய பாரத்தினால் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். நாம் உடனே எழுந்து அலுமாரியைத் திறந்தோம். எமது முழங்கால் நோவுக்கு வைத்தியர் ஒருவர் முன்பு எழுதித் தந்த மாத்திரைகளில் ஓர் அட்டை எஞ்சியிருந்தது. "காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போடும், தம்பி. நோ ஓடிவிடும்" என்று கையிற் கொடுத்தோம்.

அவர் சற்றுத் தயங்கினார். "சேர், எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை..." என்று இழுத்தார்.

நாம் சிரித்தோம். "இடுப்பு நோவுக்கும் டாக்டரா?" என்றோம்.

ஆசிரியர் கொடுத்ததை மறுத்துப் பழக்கமில்லாத பிள்ளை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார்.

சூரசங்காரத்துக்கு மறுநாட் காலை தாயாரிடமிருந்து தொலைபேசி வந்தது. மகனுக்குக் காலும் முகமும் வீங்கிவிட்டன, சிறுநீர் குறைந்துவிட்டது, களுபோவில வைத்தியசாலையில் அனுமதித்திருக்கிறார்கள் என்றார். நாம் புறப்பட்டோம். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெஹிவளைக்குச் சென்று கிழக்கே திரும்பினால் அவ்வைத்தியசாலை வந்துவிடும். கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை என்பது அதன் பெயர். எனினும் ஊர் மக்கள் அனைவருக்கும் அது 'களுபோவில ஆஸ்பத்திரி'தான்.

வாட்டிலே பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். அருகில் நின்ற இளம் வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்னும் கழிவின் அளவு முன்னைய மாதங்களில் 1.2 ஆக இருந்தது, இப்பொழுது 2.6 ஆகியிருந்தது. "ஏதோ நோவு மாத்திரை போட்டிருக்கிறார். கடையில் வாங்கியது என்கிறார். என்ன மாத்திரை, எத்தனை போட்டார் என்று கேட்டால் நினைவில்லை என்கிறார்" என்று வைத்தியர் ஆங்கிலத்தில் எம்மிடம் கூறினார்.

எமக்கு நெஞ்சு திக்கென்றது. பிள்ளை எம்மைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. தன் சிறுநீரகம் துன்புறும் வேளையிலும் ஆசிரியரின் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தார். "வைத்தியரே, அது கடையில் வாங்கியதன்று, நாம் கொடுத்தது" என்று ஒப்புக்கொண்டு, மாத்திரையின் பெயரையும் எண்ணிக்கையையும் கூறினோம். அது டைக்ளோபினக். ஐந்து நாளிற் பத்து மாத்திரைகள்.

வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "இப்பொழுதாவது சொன்னீர்களே, இனி எங்களுக்கு வழி தெரியும்" என்றார். பின்னர், ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து விளக்கினார். அவர் விளக்கியதையும், அதன் பின் நாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம்.

மடையும் வாய்க்காலும்

சிறுநீரகத்தை எமது முன்னோர் 'குண்டிக்காய்' என்றனர். ஒவ்வொன்றும் கைப்பிடி அளவினது. ஆயினும் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவ்விரண்டுக்குமே செல்கிறது. ஒரு சிறுநீரகத்தினுள் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடித்தெடுக்கின்றன. அதிற் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராகக் கழிகிறது. நூறு பங்கு நீர் ஒரு பங்காகச் சுண்டும்போது, அதிற் கலந்த மருந்தும் பன்மடங்கு செறிகிறதல்லவா? உடலின் மற்றெந்த உறுப்பும் காணாத செறிவில் மருந்தைச் சந்திப்பது சிறுநீரகம். மருந்துகள் பலவற்றின் தீங்கு அங்கே முதலில் வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஒவ்வொரு வடிக்கும் இரத்தம் புகும் குழாய் ஒன்றும், வெளியேறும் குழாய் ஒன்றும் உண்டு. புகும் குழாயை மடை என்று வைத்துக்கொள்வோம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதனை உடல் புறக்கணியாதிருக்க டக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் என்னும் மருந்தை நாள்தோறும் உட்கொள்கின்றனர். இம்மருந்துகள் அந்த மடையைச் சற்று ஒடுக்கும் இயல்புடையன. உடலோ புரொஸ்டாகிளாண்டின் என்னும் ஒரு பொருளைச் சுரந்து மடையைத் திறந்து வைத்துக்கொள்கிறது. நாம் கொடுத்த நோவு மாத்திரை அந்தச் சுரப்பைத் தடுப்பது. நோ தணிவதும் அதனாலேதான். மடை மூடுவதும் அதனாலேதான்.

இரணைமடுக் குளத்தை நினைத்துப் பார்க்கலாம். விரதத்தினால் உடலில் நீர் வற்றியது. குளத்தின் மட்டம் தாழ்ந்தது. வழமையான மருந்தினால் மடை ஏற்கெனவே சிறிது ஒடுங்கியிருந்தது. மடையைத் திறந்து பிடித்திருந்த காவலாளியை எமது மாத்திரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பின்னர் வாய்க்காலில் நீர் ஓடுவது எங்ஙனம்? மூன்றில் எது ஒன்று மாத்திரம் நேர்ந்திருந்தாலும் பிள்ளை ஒருவேளை தப்பியிருப்பார். மூன்றும் ஒரே வாரத்திற் கூடின.

மண்ணிலிருந்து வந்த மருந்துகள்

மாற்றுச் சிறுநீரகத்தின் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மறே என்னும் சத்திரவைத்தியர் முதன்முதலாக இதனை வெற்றிகரமாகச் செய்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர். அதனாற் பெற்றவரின் உடல் அவ்வுறுப்பை அந்நியமாகக் கருதவில்லை. ஏனையோருக்கோ, உடலின் காவற்படையாகிய நோயெதிர்ப்புச் சக்தி புதிய உறுப்பைப் பகைவன் என்று எண்ணித் தாக்கும். அப்படையை அடக்கிவைக்கும் மருந்து தேவைப்பட்டது.

1969ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் பாசல் நகர மருந்து நிறுவனமொன்றில் ஊழியம் செய்த ஒருவர் விடுமுறைக்கு நோர்வே சென்றபோது, அங்குள்ள மேட்டு நிலத்திலிருந்து சிறிது மண் கொண்டுவந்தார். அம்மண்ணில் வாழ்ந்த பூஞ்சணம் ஒன்றிலிருந்தே சைக்ளோஸ்போரின் பிறந்தது. 1978இல் கேம்பிரிட்ஜிலே றோய் கான் என்னும் சத்திரவைத்தியர் அதனை நோயாளருக்குக் கொடுத்தார். புதிய உறுப்புக்கள் நிலைத்தன. ஆனால், விலங்குகளிற் செய்த பரிசோதனைகளில் வெளிப்படாத ஒரு தீங்கு மனிதரிடம் வெளிப்பட்டது. சிறுநீரகத்தைக் காப்பதற்குக் கொடுத்த மருந்தே சிறுநீரகத்தை வருத்தியது. மருந்தைக் கைவிட்டால் உறுப்புப் போய்விடும். மிகுதியாகக் கொடுத்தாலும் உறுப்புக் கெடும். ஆகவே, அளவைக் குறைத்து, இரத்தத்தில் மருந்தின் மட்டத்தை அடிக்கடி அளந்து பார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 1984இல் ஜப்பானின் சுக்குபா மலைப் பகுதி மண்ணிற் கண்டெடுத்த டக்ரோலிமசுக்கும் இதே இயல்பு உண்டு.

இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை வெற்றி கண்டது. இலங்கையில் 1985இல் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஷெரிப்தீன் அவர்களின் குழு இதனைத் தொடக்கிவைத்தது. இன்று எமது அயலிலும், எமது வகுப்பறைகளிலும்கூட இச்சிகிச்சை பெற்றவர்கள் இருக்கின்றனர். பார்வைக்கு அவர்கள் எம்மைப் போன்றவர்களே. ஆனால் அவர்களுடைய உடல் ஒரு தராசு முள்ளின் மீது நிற்கிறது. இதனை அறியாமலே நாம் அதன் மீது பத்து மாத்திரைகளை வைத்தோம்.

வேறு எவருக்கு இவ்வபாயம்?

மாற்றுறுப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய துன்பம் இதுவென்று எண்ணலாகாது. நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் பல திறத்தினர். புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுகின்றவர்கள், லூப்பஸ் போன்ற நோய்களுக்காக நெடுநாள் ஸ்டீறொயிட் உட்கொள்பவர்கள், எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர்கள் என்று பலர் உளர். உடலின் காவற்படை தளர்ந்தமையால் இவர்களைச் சாதாரணமான கிருமிகளும் வீழ்த்திவிடும். அக்கிருமிகளை ஒழிக்கக் கடுமையான மருந்துகள் தேவைப்படும். அவற்றுட் பல சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. படை தளர்ந்த நாட்டின் எல்லையிலே போர் நடக்க, அதன் சுமை முழுவதும் ஒரு சிறு துறைமுகத்தின் மீது விழுவது போன்றது இது.

2021ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொரோனாவின் இரண்டாவது அலையின்போது, ஸ்டீறொயிட் ஏற்றப்பட்ட நீரிழிவு நோயாளர் பலரை 'கறுப்புப் பூஞ்சை' பீடித்தது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள்ளேயே நோயுற்றோர் தொகை 40,000ஐத் தாண்டியது. தமிழ்நாட்டு வைத்தியசாலைகளும் அதற்குத் தனி வாட்டுகள் திறந்தன. அந்நோய்க்குரிய தலையாய மருந்து அம்போடெரிசின். அதுவும் மண்ணிலிருந்து வந்ததே. தென்னமெரிக்காவில் ஒறினோக்கோ ஆற்றோர மண்ணிற் கிடைத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1950களிற் பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சணத்தைக் கொல்லும் அம்மருந்து சிறுநீரகத்தின் குழாய்களையும் துளைத்துவிடும். உடலிலுள்ள பொற்றாசியம், மக்னீசியம் ஆகிய உப்புக்கள் சிறுநீரோடு கழிந்துபோகும். கொழுப்புத் துளியினுள் பொதிந்து தயாரிக்கும் புதிய வகை சிறுநீரகத்துக்கு இதமானது. ஆனால் விலை மிக்கது. அவ்வாண்டு அது கிடைக்காமல் மக்கள் பட்ட அலைச்சலும் பெரிது. பழைய வகையைக் கொடுக்க நேரும்போது, அதற்கு முன்னர் உப்பு நீர்ச் சேலைன் ஏற்றினாற் சிறுநீரகத்துக்கு நேரும் கேடு குறைகின்றது. விலையுயர்ந்த மருந்துக்குத் துணையாக நிற்பது உப்பும் நீரும் என்பது சிந்திக்கத்தக்கது.

எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு இலங்கையில் 2004ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் இலவசமாகவே மருந்து வழங்கிவருகிறது. உலகெங்கும் அவர்கள் உண்ணும் மருந்துகளுள் முக்கியமானது டெனோபோவிர். பிராக் நகரத்து இரசாயன அறிஞர் அன்ரனின் ஹோலி உருவாக்கிய பொருளிலிருந்து வந்த இது, 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் சிலரிடம் இது சிறுநீரகக் குழாயின் கலங்களினுட் புகுந்து தங்கி, அவற்றின் ஆற்றலைக் கெடுக்கும். வேண்டிய உப்புக்களும் சீனியும் சிறுநீரில் வீணாகும். பொஸ்பேற்று குறைந்து எலும்பு நோகும். பாதம் நோகிறது, இடுப்பு நோகிறது என்று இவர்கள் நோவு மாத்திரை தேடினால், மூலகாரணம் மறைந்து கேடு இரட்டிக்கும். 2015இல் வந்த இதன் புதிய வடிவம் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்வதாற் சிறுநீரகத்துக்குப் பாரம் குறைவு.

இதனிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. அது நாணம். எச்.ஐ.வி. மருந்து உட்கொள்வதைக் குடும்பத்தாருக்கும், வேறு நோய்க்காகப் பார்க்கும் வைத்தியருக்கும் மறைப்பவர்கள் பலர். ஊர்வாய்க்கு அஞ்சி மறைக்கிறார்கள். அவர்களை நாம் குறைகூற இயலாது. ஊர்வாயை மூடவேண்டியவர்கள் நாமல்லவா? ஆனால், வைத்தியர் ஒருவரிடம் மறைக்கும் மருந்து, சிறுநீரகத்திடம் மறைந்திருப்பதில்லை.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகக் கூறலாம். அக்கிக்கும் அதனையொத்த நோய்களுக்கும் நாளத்தில் ஏற்றும் அசைக்ளோவிர் என்னும் மருந்து, உடலில் நீர் குறைந்திருக்கையில் விரைவாக ஏற்றப்பட்டால், சிறுநீரகக் குழாய்களிற் பளிங்காக உறையக்கூடும். ஜென்ராமைசின் என்னும் ஊசி மருந்து சில நாட்களின் பின்னரே தன் தீங்கைக் காட்டும். அப்போதும் சிறுநீர் தாராளமாகவே போய்க்கொண்டிருக்கலாம். 'சிறுநீர் நன்றாகப் போகிறது. ஆகவே சிறுநீரகம் நலம்' என்னும் எண்ணம் பிழையானது. அளவு வேறு, தரம் வேறு. அதனை அறிவதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

தாயாரின் அச்சம்

நிற்க. களுபோவில வாட்டுக்கு மீள்வோம்.

வைத்தியர் விளக்கியவற்றைத் தாயாருக்கு நாம் தமிழில் எடுத்துரைத்தபோது, ஒரு பிழை நேர்ந்தது. "மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கொடுக்கும் மருந்தும் சிறுநீரகத்தை வருத்துவதுண்டு" என்றோம். அவர் கண்கள் கலங்கின. "அப்படியென்றால் நானே நாலு வருஷமாக என் கையால் இந்த விஷத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேனே, மாஸ்டர்! இனி ஒன்றும் வேண்டாம். முருகன் பார்த்துக்கொள்ளட்டும்" என்று மருந்துப் பையை மடித்து ஒதுக்கினார்.

மருந்தின் தீமையைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் அஞ்சவேண்டிய இடம் இதுவே. அரை உண்மை முழுப் பொய்யினும் கேடானது. நாம் வைத்தியரை மீண்டும் அழைத்தோம். அவர் அறிந்த சிறிதளவு தமிழிலேயே தாயாரிடம் சொன்னார்: "அம்மா, இந்த மருந்தை நிற்பாட்டினால் நீங்கள் கொடுத்த சிறுநீரகம் போய்விடும். அளவாகக் கொடுத்தால் இருக்கும். அளவு பார்ப்பது எங்கள் வேலை. மறக்காமல் கொடுப்பது உங்கள் வேலை." தாயார் பையை மீண்டும் விரித்தார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி எம்மை வெட்கமுறச் செய்தது. "எனக்கும் முழங்கால் நோ. இவன் தந்தால் நானும் போட்டிருப்பேனே. நான் போடலாமா?" என்றார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவரல்லவா அவரும்! அவரும் தம் விருப்பப்படி நோவு மாத்திரை உண்ணலாகாது என்று வைத்தியர் கூறினார். எமது ஒரு அட்டை மாத்திரை இரண்டு உயிர்களைத் தொட்டிருக்கக்கூடும்.

இயற்கையும் எச்சரிக்கையும்

'ஆங்கில மருந்துதானே கேடு. மூலிகையும் பழமும் என்ன செய்யும்?' என்பார் உளர். பம்பளிமாசு எனத் தமிழிலும் ஜம்போலா எனச் சிங்களத்திலும் வழங்கும் பழத்தை எடுத்துக்கொள்வோம். குடலிலும் ஈரலிலும் மருந்தைச் சிதைக்கும் பொருளை அதன் சாறு தடுப்பதால், சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் இரத்தத்தில் அளவு மீறி ஏறக்கூடும். தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளறித்ரோமைசின் ஆகியனவும் இவ்வாறே செய்யும். காமரங்கா எனப்படும் ஐந்து விளிம்புப் பழத்தின் சாற்றை வெறும் வயிற்றில் மிகுதியாகக் குடித்துச் சிறுநீரகம் பழுதுற்றவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்களே ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

மூலிகைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெண்கள் ஏறக்குறைய நூறு பேர் சிறுநீரகப் பழுதுக்காளாயினர். அதிற் கலந்திருந்தது, எமது ஈசுவரமூலியின் இனத்தைச் சேர்ந்த செடி. எமது வைத்திய மரபை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. எந்த மரபினதாயினும், மருந்து மருந்தே என்பதை நினைவுறுத்தவே கூறுகின்றோம்.

வீட்டிற் கைக்கொள்ள வேண்டியவை

வைத்தியர் எமக்குக் கூறியவற்றுட் சிலவற்றை இல்லத்தரசிகளும் மாணவர்களும் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவர் வீட்டிலிருந்தால், அவர் உண்ணும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கிளினிக் கொப்பியினுள் வைத்தல் வேண்டும். கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, அயலவர் தந்தது யாவும் அதில் இடம்பெறல் வேண்டும். எந்த வைத்தியரிடம் சென்றாலும், பல் வைத்தியராயினும், அத்தாளை முதலிற் காட்டுதல் வேண்டும்.

வாந்தியோ வயிற்றோட்டமோ காய்ச்சலோ கண்டால் நாட்கணக்கிற் பொறுத்திராமல் அன்றே வைத்தியரை நாடவேண்டும். நீர் வற்றிய உடலிற் சிறுநீரகம் எளிதிற் பழுதுறும். எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதையும் கேட்டறிதல் நன்று. எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

டக்ரோலிமசின் அளவைப் பரிசோதிக்கும் நாளில், வழமையாகக் காலை மருந்தை உண்ணுமுன்னரே இரத்தம் கொடுக்க வேண்டும். மருந்தை உண்டபின் கொடுத்தால் இலக்கம் கூடித் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். இரத்தம் கொடுத்த உடனே உண்பதற்கு மருந்தைக் கையோடு கொண்டுசெல்லலாம்.

கிரியேட்டினின் இலக்கம் சற்றுக் கூடியதைக் கண்டு கலங்கித் தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது. கோட்றைமொக்சசோல் போன்ற சில மருந்துகள் சிறுநீரகத்துக்குக் கேடு செய்யாமலேயே அவ்விலக்கத்தை உயர்த்துவதுண்டு. மறுபுறம், சிறுநீரகத்தின் வேலை பாதியளவு குறையும் வரையில் அவ்விலக்கம் பெரிதும் அசையாதிருத்தலும் கூடும். எது பொய்யான அச்சம், எது மெய்யான அபாயம் என்று பிரித்தறிவது வைத்தியரின் கடமை. காலந்தவறாமற் பரிசோதனைக்குச் செல்வது எமது கடமை.

விரதத்தைப் பற்றியும் ஒரு சொல். நாமும் கந்தசஷ்டி நோற்பவரே. நோயாளர் தம் உடல்நிலைக்கேற்ப நோன்பைத் தளர்த்திக்கொள்ளுதல் எமது மரபுக்கு மாறானதன்று. மருந்தையும் நீரையும் தள்ளிவைத்து நோன்பு நோற்றலினும், தாய் தந்த உறுப்பைக் காத்து முருகனைத் தொழுதல் குறைந்த பக்தியாகிவிடாது.

பிள்ளை வைத்தியசாலையில் 12 நாட்கள் இருந்தார். நோவு மாத்திரையை நிறுத்தி, சேலைன் ஏற்றி, டக்ரோலிமசின் அளவைத் திருத்திய பின்னர், கிரியேட்டினின் மெல்ல இறங்கியது. 1.4இல் வந்து நின்றது. பழைய 1.2க்குத் திரும்பவில்லை. "சிறிய வேறுபாடுதானே, சேர்" என்று அவர் எமக்கு ஆறுதல் கூறினார். வீடு திரும்பும் நாளில், ஏன் வைத்தியரிடம் உண்மையை மறைத்தீர் என்று கேட்டோம். "சேரைப் பற்றி ஆரும் குறைவாகச் சொல்லக்கூடாது என்றுதான்" என்றார். மாணவருக்கு நாம் கணிதமும் தமிழும் கற்பிக்கின்றோம். பெரியோர் சொல்லைத் தட்டாதே என்றும் கற்பிக்கின்றோம். 'டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமா' என்று தயங்கிய பிள்ளையின் தயக்கமே அறிவு. எமது சிரிப்பே அறியாமை. பெரியவர் ஒருவர் மாத்திரையை நீட்டும்போது, "பொறுங்கள், கேட்டுவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லும் துணிவையும் இனி வகுப்பறையிற் கற்பிப்போம்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமுண்டு. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் கூடியதே வைத்தியம் என்பது அங்கே வள்ளுவர் காட்டும் முடிபு. அந்நான்கில் அறிவுரை கூறும் அயலவருக்கு இடமில்லை என்பதை இத்தனை ஆண்டு கற்பித்தும் நாம் கவனித்திருக்கவில்லை.

அன்றிரவே எமது அலுமாரியைத் திறந்து, எஞ்சியிருந்த பழைய மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் சேர்த்தோம். மறுநாள் மருந்துக்கடையொன்றிற் கேட்டு, அவர்கள் சொன்ன முறைப்படி அகற்றினோம். வாசகர் இல்லங்களிலும் அத்தகைய ஓர் அட்டை எங்கேனும் இருக்கக்கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலே ஓய்விருக்கும். ஒருமுறை தேடிப் பார்ப்பீர்களாக.